ஒரே வீட்டு மூன்று முதுகுகள்: ஈரோட்டில் ஒரு பிசியோதெரபி சென்டர்

ஈரோட்டில் குறுக்கு வலிக்கு எங்கே காட்டலாம் என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். மெஷின் மாட்டுவதற்கு முன்னால் டேப் எடுத்து அளக்கிற இடமாகப் பார்த்துப் போங்கள். வயதைக் கேட்டு, அந்த வயதுக்குத் தகுந்த மாதிரி பயிற்சியை மாற்றிக் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். நாங்கள் போகிற சென்டர் சம்பத் நகர்ப் பக்கம் ஒரு மெடிக்கலுக்கு மேலே முதல் மாடியில் இருக்கிறது. பாராட்டவும் நிறைய இருக்கிறது, குறை சொல்லவும் இருக்கிறது, அதனால் பேர் போடவில்லை. பேர் இல்லாமல் படித்தாலும், நீங்கள் எந்த ஊரில் எந்தச் சென்டருக்குப் போனாலும் என்ன கேட்க வேண்டும், எதை வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பது இதில் கிடைக்கும்.

எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு அங்கே பார்க்கிறோம். எனக்கு 43 வயது, மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். சீசன் வந்துவிட்டால் காலையில் உட்கார்ந்தால் ஏலம் முடிந்து பில் போட்டு எழுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும், எழும்போது குறுக்கு பிடித்துக்கொண்டு மேஜையைப் பிடித்து நின்றுதான் நடக்க முடியும். அம்மாவுக்கு 71. கோபிப் பக்கம் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நடவு, களையெடுப்பு என்று ஆயுசு பூராவும் குனிந்தே வேலை செய்தவர். கொஞ்ச காலமாக லேசாகக் கூன் விழ ஆரம்பித்திருந்தது. மகள் எட்டாவது படிக்கிறாள், 13 வயது. ஒரு தோள் இறங்கி இருக்கிற மாதிரித் தெரிகிறது, எதற்கும் காட்டிவிடுங்கள் என்று அவளுடைய பி.டி. டீச்சர் சொல்லி அனுப்பினார். மூன்று பேரையும் தனித்தனியாகக் கூட்டிக்கொண்டு அலைய முடியாது என்று ஒரே நாளில் நேரம் வாங்கிக்கொண்டு போனோம். அது ரொம்ப நல்லதாய்ப் போயிற்று. ஒரே டேப்பில் மூன்று தலைமுறை முதுகை அடுத்தடுத்து அளந்து பார்க்கும்போதுதான் வயது முதுகை என்ன செய்கிறது என்பது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது.

பார்க்கிற பிசியோ ஒரு பெண், முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். என்னை நிற்க வைத்து, இடுப்புக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சின்னக் குழி இருக்குமே, அந்த இரண்டு குழிக்கும் நடுவில் பேனாவால் ஒரு கோடு போட்டார். அதிலிருந்து 10 செ.மீ. மேலே ஒரு புள்ளி, 5 செ.மீ. கீழே ஒரு புள்ளி, ஆக இரண்டு புள்ளிக்கும் நடுவில் 15 செ.மீ. அப்புறம் முட்டியை மடக்காமல் முடிந்த மட்டும் குனியச் சொல்லி, குனிந்த நிலையிலேயே டேப்பை வைத்து மறுபடியும் அளந்தார். இடுப்புப் பகுதி நன்றாக வளைந்தால் புள்ளிகள் விலகி, அந்த 15 குறைந்தது 20 ஆக வேண்டும். இதற்கு ஷோபர் சோதனை என்று பேர். பால் ஷோபர் என்கிற ஜெர்மன் டாக்டர் 1937-இல் சொன்ன முறை, மெக்ரே, ரைட் என்ற இரண்டு பேர் 1969-இல் திருத்தியதுதான் இந்த 15 செ.மீ. கணக்கு. ஒரு டேப், ஒரு பேனா, இரண்டு நிமிஷம். அவ்வளவுதான் செலவு. ஆனால் இதற்கு முன்னால் நான் போன வேறோர் இடத்தில் இதைச் செய்யவே இல்லை, போனதும் குப்புறப் படுக்க வைத்து மெஷினை மாட்டிவிட்டார்கள்.

எனக்கு 19 வந்தது. மகளுக்கு 22. அம்மா குனிந்தபோது நானே அசந்துவிட்டேன், இரண்டு உள்ளங்கையும் தரையில் பதிந்துவிட்டது. எனக்கோ விரல் நுனி கணுக்காலைத் தாண்டவில்லை.

"எம்முதுகு நல்லாத்தானுங் கண்ணு இருக்குது, இவளுக்குத்தான் வளைய மாட்டீங்குது" என்று அம்மா தெம்பாகச் சொன்னார். பிசியோ டேப்பை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அம்மாவின் 15, 17-ஐக்கூடத் தொடவில்லை.

"ஏனுங்கம்மா, நீங்க குனியறது பூராவும் இடுப்பு மூட்டுலயும் தொடையிலயும்தானுங்க. முதுகு அசையவே இல்லீங்க."

இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்தச் சென்டருக்குக் கொடுத்த காசு தகும் என்பேன். தரையைத் தொட முடிகிறதா என்பதை வைத்துத்தான் நாம் எல்லோரும் முதுகை எடை போடுகிறோம். ஆனால் தரையைத் தொடுவதில் இடுப்பு மூட்டு, தொடைக்குப் பின்னால் இருக்கிற தசை, கை நீளம், கால் நீளம் எல்லாம் சேர்ந்திருக்கிறது, முதுகு அதில் ஒரு பங்குதான். பள்ளிக்கூடங்களில் உட்கார வைத்துக் காலை நீட்டி, கையை முன்னால் தள்ளச் சொல்லி ஒரு பெட்டியில் அளப்பார்கள், 1952-இல் வெல்ஸ், டில்லன் என்ற இரண்டு பேர் கொண்டுவந்த சோதனை அது. அதுவும் தொடைத் தசையின் இழுவையைத்தான் அதிகம் காட்டும், முதுகை அவ்வளவாகக் காட்டாது. நடவு நட்ட கால் அம்மாவுக்கு இன்னும் ஒத்துழைக்கிறது. முதுகெலும்பு அதன் போக்கில் இறுகிவிட்டது. இரண்டும் வேறு வேறு.

முதுகு எப்படி ஆரம்பித்து எப்படி மாறுகிறது என்று பிசியோ சுவரில் இருந்த படத்தைக் காட்டி மகளுக்குத்தான் விளக்கினார், கேட்டுக்கொண்டே இருந்ததில் எனக்கும் பதிந்துவிட்டது. பிறக்கும்போது 33 முள்ளெலும்புகள். கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5, இந்த 24-தான் கடைசி வரைக்கும் அசையும். அதற்குக் கீழே இருப்பவை வளர வளர ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அசையாத எலும்பாகிவிடும். பிறந்த குழந்தையின் முதுகு முழுக்க ஒரே வளைவு, வயிற்றுக்குள் சுருண்டு கிடந்த அதே வளைவு. மூன்று நான்கு மாதத்தில் குழந்தை தலையைத் தூக்கி நிறுத்துகிறபோது கழுத்து உள்பக்கமாக வளைகிறது, உட்கார்ந்து எழுந்து நடை பழகுகிறபோது இடுப்பும் அதே மாதிரி வளைகிறது. நாம் நேராக நிற்கிறோம் என்று சொல்கிற முதுகு இப்படி வளைந்து வளைந்துதான் நிற்கிறது. கைக்குழந்தை தன் கால் கட்டைவிரலை வாயில் வைத்துச் சப்புவதற்கு இதுவும் ஒரு காரணம், அதன் முள்ளெலும்பில் ஒரு பகுதி இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கிறது, எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற டிஸ்க்கில் தண்ணீர் நிறைந்திருக்கிறது.

மகளுடைய விஷயத்துக்கு வருகிறேன். தோள் இறங்கியிருக்கிறது என்றதும் வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், புத்தகப் பையை ஒரு பக்கமாக மாட்டுகிறாள், படுத்துக்கொண்டே போன் பார்க்கிறாள் என்று. பிசியோ அதையெல்லாம் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வைத்து மெதுவாகக் குனியச் சொல்லி, அவருடைய கண் மகளுடைய முதுகின் மட்டத்துக்கு வருகிற மாதிரி உட்கார்ந்துகொண்டு, பின்னாலிருந்து நீளவாக்கில் பார்த்தார். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து முறுக்கிக்கொண்டிருந்தால், குனிகிறபோது விலா ஒரு பக்கம் மேடாகத் தூக்கிக்கொண்டு வரும். அப்புறம் கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டம் மாதிரி ஒரு சின்னக் கருவியை முதுகின் மேல் வைத்து மேலிருந்து கீழே நகர்த்திக்கொண்டே வந்தார். உள்ளே ஒரு குண்டு உருண்டு எத்தனை டிகிரி சாய்வு என்று காட்டுகிறது. 7 டிகிரி வந்தால் எக்ஸ்ரே எடுத்து எலும்பு டாக்டரிடம் காட்ட வேண்டும். மகளுக்கு 3-தான். இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார், ஏனென்றால் உயரம் கிடுகிடுவென்று ஏறுகிற இந்த வயதில்தான் வளைவும் கிடுகிடுவென்று கூடும், அதிலும் பெண் பிள்ளைகளுக்கு.

பெண் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். ஸ்கோலியோசிஸ் என்கிற இந்தப் பக்கவாட்டு வளைவு வளரிளம் வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இருக்கிறது. பெரும்பாலும் காரணம் தெரியாமல் வருவது, பையால் வருவதில்லை, உட்காரும் விதத்தால் வருவதும் இல்லை, அதனால் பிள்ளையைத் திட்டிப் பிரயோஜனம் கிடையாது. பல பேருக்கு வலிக்கவும் வலிக்காது, அதனால்தான் தவறிப்போகிறது. எலும்பு வளர்கிற காலத்திலேயே கண்டுபிடித்துப் பெல்ட் போட்டால் ஆபரேஷன் அளவுக்குப் போகாமல் நிறையப் பேருக்குத் தடுக்க முடியும் என்று 2013-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு தெளிவாகக் காட்டிவிட்டது. வயதுக்கு வந்த பிள்ளை என்று முதுகைத் திருப்பிக் காட்டக் கூச்சப்படுவாள், அம்மாக்கள்தான் பார்க்க வேண்டும். குளித்துவிட்டு வரும்போது ஒரு தடவை குனியச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தால் போதும்.

இன்னொன்றும் சொன்னார். இந்த வயதில் சில பிள்ளைகள் திடீரென்று குனிய முடியாமல் விறைத்துப் போகிற மாதிரி இருக்கும், கால் எலும்பு சரசரவென்று நீள்கிற காலம் அது. அதற்காகப் பிடித்து இழுத்து வளைக்கக் கூடாது. அதற்கு எதிராக, சில பிள்ளைகள் எப்படிப் போட்டாலும் வளைவார்கள், அவர்களை மேடையேற்றி வேடிக்கை காட்டுவதை விட்டுவிட்டு முதுகுத் தசைக்குப் பலம் கொடுக்கிற பயிற்சியைச் செய்ய வைக்க வேண்டும். மகளுக்கு அப்படித்தான் கொடுத்திருக்கிறார், வளைப்பதற்கு ஒன்றுகூட இல்லை.

எனக்கு வந்த விளக்கம்தான் எல்லாவற்றையும் விட உபயோகமாக இருந்தது. டிஸ்க் என்று சொல்கிறோமே, நம் ஊரில் ஜவ்வு என்பார்கள், அப்படி 23 இருக்கின்றன. நடுவில் தண்ணீர் நிறைந்த கொழகொழப்பான பகுதி, அதைச் சுற்றி நார் நாராக வளையங்கள். நடுப்பகுதியில் பிறக்கும்போது நூற்றுக்கு 80, 90 பங்கு தண்ணீர்தான், வயதாக ஆக அது 70 பக்கம் இறங்கிவிடும். பெரியவர்களின் டிஸ்க்குக்குள் ரத்த ஓட்டமே கிடையாது. சின்ன வயதில் பக்கத்தில் ஓடிய ரத்தக் குழாய்களும் மறைந்துவிடும், அப்புறம் மேலேயும் கீழேயும் இருக்கிற எலும்பிலிருந்து கசிந்து வருகிற சத்துதான் அதற்குச் சாப்பாடு. அதனால் அதில் ஒரு கிழிசல் வந்தால் ஆறுவதற்கு நாளாகும்.

இதில் தினசரிக் கணக்கு ஒன்று இருக்கிறது. ராத்திரி படுத்திருக்கும்போது பாரம் இல்லாததால் டிஸ்க் தண்ணீரை இழுத்து ஊறிக்கொள்கிறது, பகலில் நாம் நின்று நடந்து சுமக்கச் சுமக்க அது பிழியப்படுகிறது. காலையில் இருக்கிற உயரத்துக்கும் ராத்திரி படுக்கப்போகும்போது இருக்கிற உயரத்துக்கும் ஒன்றிலிருந்து இரண்டு செ.மீ. வரைக்கும் வித்தியாசம் வரும், அதில் பாதியளவு எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே இறங்கிவிடும். அதாவது எழுந்தவுடனே டிஸ்க் முழுக்க ஊறிப் புடைத்துக்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் குனிந்தால் அதன் மேல் விழுகிற அழுத்தம் மற்ற நேரத்தை விடப் பல மடங்கு. காலையில் முதுகு விறைப்பாக இருப்பதற்கு இது ஒரு காரணம். நாள்பட்ட குறுக்கு வலி உள்ளவர்களைக் காலையில் முதல் கொஞ்ச நேரம் குனியாமல் இருக்கச் சொல்லிப் பார்த்ததில் வலி குறைந்தது என்று 1998-இல் ஒரு ஆய்வும் வந்திருக்கிறது.

இப்போது நம் வீட்டுக் காலையை நினைத்துப் பாருங்கள். எழுந்தவுடனே சீமாற்றை எடுத்துக்கொண்டு குனிந்து வாசல் கூட்டுகிறோம், குனிந்து தண்ணீர் தெளிக்கிறோம், குனிந்தபடியே கோலம் போடுகிறோம், குடத்தைத் தூக்குகிறோம். முதுகுக்கு எந்த நேரம் ஆகாதோ அந்த நேரத்தில்தான் எல்லாக் குனியலும். பிசியோ இதைச் சொன்னபோது அம்மா முகம் சுருங்கிவிட்டது. "வாசத் தெளிக்காம எப்படிங் கண்ணு இருக்கறது?" என்று கேட்டார். நிறுத்தச் சொல்லவில்லை அவர். நீளக் கைப்பிடி போட்ட துடைப்பம் வாங்கிக்கொள்ளுங்கள், எழுந்து முகம் கழுவிக் காப்பி குடித்து வீட்டுக்குள்ளே கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வாசலுக்குப் போங்கள், கோலத்தை மணைப் பலகையில் உட்கார்ந்து போடுங்கள் என்றார். இப்போது எங்கள் வீட்டு வாசலில் கோலம் சின்னதாகத்தான் இருக்கிறது, அதைப் போடுவதும் நான்தான்.

இதே காரணத்தால்தான் அந்தச் சென்டரின் காலை ஆறு மணி பேட்ச்சை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதை நடத்துவது அந்த பிசியோ இல்லை, வேறு ஒருவர். பவானி ஜமக்காளத்தை விரித்து இருபது பேரை நிற்க வைத்து, முதல் பயிற்சியே குனிந்து காலைத் தொடுவது. இருபது வயதுப் பையனும் அறுபத்தைந்து வயது ஆத்தாவும் ஒரே எண்ணிக்கைக்கு ஒரே மாதிரி குனிகிறார்கள். அறைக்குள் ஒன்று சொல்லிக் கொடுத்துவிட்டு ஹாலில் அதற்கு நேர்மாறாகச் செய்ய வைப்பது எப்படி நியாயம்? நான் சாயங்கால நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன், பிசியோவிடம் நேராகவும் சொல்லிவிட்டேன். பார்க்கலாம் என்றார், இன்னும் மாறவில்லை.

அம்மா விஷயத்தில் இது இன்னும் முக்கியம். முதல் நாளே உயரம் அளந்தார்கள், 147 செ.மீ. பழைய ஆபரேஷன் சீட்டு வீட்டில் இருந்ததை எடுத்துப் பார்த்தால் அதில் 152. வயதானால் கொஞ்சம் குறுகுவது இயல்புதான், டிஸ்க் சுருங்கும். ஆனால் 4 செ.மீ.க்கு மேல் குறைந்திருந்தால் முள்ளெலும்பு ஏதாவது நசுங்கியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும் என்று பயிற்சியே ஆரம்பிக்காமல் எலும்பு டாக்டரிடம் அனுப்பிவிட்டார். இந்த நேர்மைக்காக அவருக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் தகும். எக்ஸ்ரேயில் நடுமுதுகு முடிகிற இடத்தில் ஒரு முள்ளெலும்பு முன்பக்கமாக ஆப்பு வடிவத்தில் நசுங்கியிருந்தது. அம்மா எப்போதும் விழவில்லை, அடிபடவில்லை. என்றைக்கோ மூச்சுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தாரே, அதுவாகக்கூட இருந்திருக்கலாம். இந்த மாதிரி நசுங்கலில் பெரும்பகுதி கண்டுபிடிக்கப்படாமலேயே போகிறதாம். கோயம்புத்தூருக்குப் போய் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்து, எலும்பு மெலிந்திருக்கிறது என்று உறுதியான பிறகு டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார், அப்புறம்தான் பயிற்சி.

மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாக மெலிகிறது, அந்த முதுகைக் குனிய வைத்துப் பயிற்சி கொடுத்தால் முள்ளெலும்பின் முன்பக்கம்தான் முழுப் பாரத்தையும் வாங்கும். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் எலும்பு மெலிந்த பெண்களிடம் செய்து 1984-இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. முதுகைப் பின்னால் நிமிர்த்துகிற பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 16 பேருக்குத்தான் புதிதாக நசுங்கல் வந்தது, முன்னால் குனிகிற பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 89 பேருக்கு வந்தது. மொத்தம் 59 பேரை மட்டும் வைத்துப் பார்த்த சின்ன ஆய்வுதான், இருந்தாலும் அந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகு 70 வயது அம்மாவை யாராவது குனி குனி என்று சொன்னால் எனக்குப் பதறுகிறது.

அம்மாவுக்குக் கொடுத்தது மூன்றே மூன்று. குப்புறப் படுத்து, வயிற்றுக்குக் கீழே ஒரு தலையணை வைத்து, நெஞ்சைக் கொஞ்சமாகத் தூக்கி இறக்குவது. சுவரில் முதுகை ஒட்டி நின்று, தலையின் பின்பக்கம் சுவரைத் தொடப் பார்ப்பது, அப்படியே இரண்டு கையையும் சுவரோடு ஒட்டி மேலே கொண்டுபோவது. நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது. முதல் நாள் அம்மாவின் தலைக்கும் சுவருக்கும் நடுவில் என் நான்கு விரல் போயிற்று, இப்போது இரண்டு விரல்தான் போகிறது. நசுங்கிய எலும்பு திரும்பி வராது, அதை முதல் நாளே சொல்லிவிட்டார், தசை தூக்கிப் பிடிப்பதால் கிடைத்த நிமிர்வு இது. அம்மாவுக்கு அது போதும், இப்போது ரேஷன் கடைக்கு நடந்து போய் வருகிறார்.

வயதில் எந்த அசைவு முதலில் போகிறது என்றும் கேட்டேன். பின்னால் வளைவதுதான் என்றார். முன்னால் குனிவதும் குறையும், பக்கவாட்டில் சாய்வதும் குறையும், ஆனால் பின்னால் வளைவதுதான் எல்லாவற்றையும் விட அதிகமாகக் குறையும், அது குறைந்ததே நமக்குத் தெரியாது, ஏனென்றால் அன்றாட வேலையில் யாரும் பின்னால் வளைவதில்லை. வெள்ளையடிக்கிறவர்களுக்கும் தேங்காய் பறிக்கிறவர்களுக்கும்தான் சீக்கிரம் தெரியும். கழுத்தும் அப்படித்தான், பத்து வருஷத்துக்கு 3 முதல் 5 டிகிரி குறைந்துகொண்டே வரும், அதிலும் அண்ணாந்து பார்ப்பதுதான் அதிகம் குறைகிறது. அறுபது தாண்டியவர்கள் பைக்கில் வலது பக்கம் திரும்பும்போது பின்னால் வருகிற வண்டியைக் கழுத்தைத் திருப்பிப் பார்க்காமலே திரும்புகிறார்களே, முடியாமல்தான் அப்படிப் போகிறார்கள், பெருந்துறை ரோட்டில் தினமும் பார்க்கிறேன். உங்கள் அப்பா, மாமனார் வண்டிக்கு இரண்டு பக்கமும் கண்ணாடி இருக்கிறதா என்று பாருங்கள். இடுப்பை முறுக்குகிற பயிற்சி பற்றியும் ஒரு வார்த்தை, இடுப்பில் இருக்கிற 5 எலும்பும் சேர்ந்தாலும் ஒரு பக்கத்துக்கு 10 டிகிரிக்கு மேல் பெரிதாகத் திரும்பாது, அந்த மூட்டுகளின் அமைப்பே அப்படி. நாம் திரும்புவது பெரும்பாலும் மார்புப் பகுதியிலும் இடுப்பு மூட்டிலும்தான். இடுப்பைப் பிடித்துப் படக்கென்று முறுக்கிச் சொடக்கு எடுக்கிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

குறைகளையும் எழுதிவிடுகிறேன். முதல் மாடி, லிஃப்ட் கிடையாது, படி செங்குத்து. முதுகு வலிக்காரர்களும் வயதானவர்களும் வருகிற இடத்துக்கு இது பெரிய குறை. அம்மாவை ஒவ்வொரு தடவையும் கையைப் பிடித்துத்தான் ஏற்றுகிறேன். அப்புறம் ரிசப்ஷனில் மெஷின் பேக்கேஜ் என்று ஒன்றை எல்லோர் தலையிலும் கட்டப் பார்க்கிறார்கள், கரண்ட் வைப்பது, அல்ட்ராசவுண்ட், இடுப்பை இழுத்துக் கட்டுகிற டிராக்ஷன், எல்லாம் சேர்த்துப் பத்து சிட்டிங். குறுக்கு வலிக்கு இவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று வழிகாட்டுகிற பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. டிராக்ஷனால் பெரிய பலன் இல்லை என்று 2013-இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் சொல்லிவிட்டது. நான் பயிற்சி மட்டும் போதும் என்றேன், பிசியோ சரி என்றார், ரிசப்ஷனில் இருந்தவருக்குத்தான் மனசில்லை.

அதைவிட எனக்குக் கோபம் வந்தது இன்னொரு விஷயத்தில். பிசியோ இல்லாத ஒரு நாளில் பயிற்சிக்கு வந்திருக்கிற பையன் ஒருவர் என் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "டிஸ்க் தேஞ்சு போச்சுங்க, இனி நீங்க எதையும் தூக்கக் கூடாதுங்க" என்றார். வீட்டுக்கு வந்து இரண்டு ராத்திரி தூக்கமில்லை. மறுபடியும் பிசியோவைப் பார்த்தபோது அவர் பொறுமையாகச் சொன்னார். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் 20 வயதில் நூற்றுக்கு 37 பேருக்கும் 80 வயதில் 96 பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருக்கும், 2015-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துக் கண்டது இது. தலைமுடி நரைப்பதற்கு யாரும் ரிப்போர்ட் எழுதித் தருவதில்லை, இதற்கு மட்டும் எழுதித் தருகிறார்கள். 43 வயதில் ரிப்போர்ட்டில் அந்த வரி இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். எனக்குக் கொடுத்திருப்பது எடை தூக்குகிற பயிற்சிதான், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போகிறோம். மண்டியில் முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து, இடுப்பில் கையை வைத்துப் பின்னால் நாலைந்து தடவை வளைந்துவிட்டு உட்காருகிறேன். வலி முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், மேஜையைப் பிடித்து நிற்கிற அவசியம் இல்லை இப்போது. ஷோபர் அளவு 19-லிருந்து பெரிதாக ஏறவில்லை, அது ஏற வேண்டும் என்கிற ஆசையும் எனக்கு விட்டுப்போய்விட்டது.

பிசியோவிடம் போகாமல் நேராக டாக்டரிடம் போக வேண்டியவர்களும் உண்டு. முதுகு வலியோடு உட்காருகிற இடம் மரத்துப்போவது, ஒன்றுக்கு இரண்டுக்குக் கட்டுப்பாடு போவது, காலில் பலம் குறைவது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காய்ச்சலோடு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி படுத்தாலும் விடாத வலி, இவையும் தள்ளிப்போடக் கூடாதவை. அப்புறம் நாற்பது வயதுக்குள் இருக்கிற பையன்களோ பெண்களோ, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்திருந்து, நடமாட நடமாடச் சரியாகி, ஓய்வெடுத்தால் மறுபடி விறைக்கிறது என்றால் அது சாதாரணக் குறுக்கு வலியாக இல்லாமல் முள்ளெலும்புகளை ஒட்ட வைத்துவிடுகிற வாத நோயாக இருக்கலாம், மூட்டுவாத டாக்டரைப் பார்க்க வேண்டும். திருப்பூரில் பவர்டேபிள் தையல் மெஷின் ஓட்டுகிற எங்கள் சித்தப்பா மகன் வேலையால் வருகிற வலி என்று வருஷக்கணக்காக மாத்திரை போட்டுக்கொண்டிருந்தான், இதைக் கேட்டுவிட்டு நான்தான் பிடித்து அனுப்பி வைத்தேன், இப்போது அதற்கான சிகிச்சையில் இருக்கிறான்.

போகிறவர்களுக்கு உபயோகமாக இருக்கட்டும் என்று சில விஷயம். முதல் நாள் சோதனைக்கு எங்களிடம் ஆளுக்கு 500 ரூபாய் வாங்கினார்கள், முக்கால் மணி நேரம் முழுசாகப் பார்த்தார்கள், அது நியாயமான காசு. அந்த பிசியோ பார்க்கிற நேரத்தைப் போனில் கேட்டுக்கொண்டு போங்கள், அவர் இல்லாத நாளில் போகாதீர்கள். முதுகில் கோடு போட்டு அளப்பதால் பெண்கள் சேலையை விடச் சுடிதார் போட்டுக்கொண்டு போனால் சுலபம், அளக்கும்போது ஸ்கிரீன் இழுத்துவிடுகிறார்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போனால் பழைய உயரம் எழுதியிருக்கிற ஏதாவது சீட்டு இருந்தால் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பயிற்சிக்கும் இது என் வயதுக்குச் சரிதானா, எதற்காகச் செய்கிறேன் என்று கேளுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். வண்டியைக் கீழே மெடிக்கலுக்கு முன்னால் நிறுத்தினால் சத்தம் போடுவார்கள், பக்கத்துச் சந்தில் நிறுத்திக்கொள்ளலாம்.